கூடம் யாருக்கு?

ஃபோர்டு அறக்கட்டளை 1963 டிசம்பரில் அமெரிக்காவின் பாலே குழுக்களுக்கும் பாலே பள்ளிகளுக்கும் சேர்த்து 77 லட்சம் டாலருக்கு மேல் தருவதாக அறிவித்தது. நடனத்துக்கென்று அந்த நாட்டில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய தொகையை எடுத்து வைத்ததில்லை. அதில் ஏறத்தாழ 60 லட்சம் ஒரே வீட்டுக்குப் போயிற்று: நியூயார்க் சிட்டி பாலே குழுவுக்கும், அதன் பள்ளியான ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலேவுக்கும். அந்த மண்ணிலேயே முளைத்து வளர்ந்த நவீன நடனத்துக்கு, மார்த்தா கிரஹாமுக்கோ ஹோசே லிமோனுக்கோ மெர்ஸ் கன்னிங்ஹாமுக்கோ, அந்தப் பட்டியலில் ஒரு டாலர்கூடக் கிடையாது. பெரிய ரகளை ஆகியிருக்கிறது.

சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவே உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். என் மகள்தான் காரணம். சின்ன வயசிலிருந்து ஊரில் பரதம் கற்றவள், இப்போது பெங்களூரில் ஒரு நடனப் பள்ளியில் டிப்ளமோ படிக்கிறாள். காலையில் பாலே, மத்தியானம் கன்டெம்ப்ரரி, சாயங்காலம் களரி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே போன் வந்தது. "அப்பா, இங்கயும் நம்மூர்ச் சண்டையேதானுங்க. பாலே மிஸ் பத்து நிமிஷம் சேர்த்து எடுத்தா, கன்டெம்ப்ரரி சார் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு வாட்சையே பார்க்கறாருங்க." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. பாலேவுக்கும் நவீன நடனத்துக்கும் என்ன பங்காளிச் சண்டை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. வீட்டில் கொங்குத் தமிழ், ஆபீசில் மலையாளம். சித்தூர் பகவதி கோயிலில் வருஷா வருஷம் கொங்கன்படை நடக்கும். கொங்கு ராஜாவின் படை வந்து தோற்றதைக் கொண்டாடுகிற திருவிழா. தோற்ற பக்கத்து வம்சமான நாங்களும் குடும்பத்தோடு போய் வேடிக்கை பார்த்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு வருவோம்.

இந்த ஊரில் இரண்டு நடனப் பள்ளிகள். ஒன்று கேரளத்துக் கலைப் பள்ளியான கலாமண்டலத்தில் மோகினியாட்டம் படித்து வந்த டீச்சருடையது. மற்றது சென்னையில் பரதம் பயின்று வந்த மாஸ்டருடையது. இரண்டு பேருக்கும் நான்தான் மிருதங்கம். அதாவது, இரண்டு பேருடைய புகாரும் என் காதுக்குத்தான் வரும். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பிக்கொண்டிருக்கும்போது கை ஈரமாக இருக்கும், எழுந்து ஓட முடியாது. அந்த நேரமாகப் பார்த்து இரண்டு பேருமே பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆரம்பிப்பார்கள்.

நடனக்காரர்களைப் பற்றிக் கண்ணால் பார்த்து எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குக் காதுதான். தட்டடவு போடுகிற பெண்ணின் பாதம் முழுசாகத் தரையில் பதிகிறதா, குதிகால் மட்டும் இடிக்கிறதா என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். மோகினியாட்டத்தில் அந்தச் சத்தம் பாதிகூட இருக்காது. டீச்சரின் மாணவிகள் பாதத்தை வைக்கும்போது தரைக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல வைப்பார்கள். உடம்பு இடுப்பிலிருந்து வட்டமாகச் சுழன்று எழும், தாளம் தோளிலும் கண்ணிலும் தெரியும். பரதத்துக்கு வாசிப்பதுபோல அங்கே அடித்து வாசித்தால் டீச்சர் முறைப்பார். வாசிக்கிற கை ஒன்றேதான். பள்ளி மாறினால் கனம் மாற வேண்டும்.

மகள் சொல்லச் சொல்ல, பாலேவுக்கும் மார்த்தா கிரஹாமின் நவீன நடன முறைக்கும் நடுவிலும் இதே மாதிரி ஒரு விஷயம் இருப்பது பிடிபட்டது. பாலே வகுப்பு நின்றுகொண்டு தொடங்கும். சுவரோரம் ஓடுகிற கட்டையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு மூட்டிலிருந்தே இரண்டு காலையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, முழங்காலை மடக்கி நீட்டுவதிலிருந்து ஆரம்பம். போகப் போக உடம்பு மேலே, இன்னும் மேலே என்று கிளம்பிக்கொண்டே இருக்கும்; கடைசியில் கட்டை விரல் நுனியில் நிற்கிற வரை. அவ்வளவு உயரம் குதித்தாலும் கீழே வந்து விழுகிற சத்தம் கேட்கக் கூடாது. கிரஹாம் வகுப்போ தரையில் உட்கார்ந்து தொடங்குகிறது. வெறுங்கால். மூச்சை விட்டு அடிவயிற்றை உள்ளே இழுத்தால் முதுகு தானாக வளையும். மூச்சை வாங்கினால் நிமிரும். அந்தச் சுருக்கமும் விரிவும்தான் அத்தனை அசைவுக்கும் ஊற்று. எழுந்து நிற்பதற்கே வகுப்பில் பாதி நேரம் ஆகிவிடும். உடம்புக்குக் கனம் உண்டு, அதை ஒளிக்க வேண்டியதில்லை, தரை அதற்காகத்தான் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி.

எங்கள் வீட்டுப் பெண் அரைமண்டியில், முழங்காலை மடக்கி நிற்கிற பரத நிலையில், வளர்ந்தவள். முழங்கால் வெளிப்பக்கம் திரும்புவதில் அவளுக்குக் கஷ்டமில்லை என்று பாலே மிஸ் முதல் நாள் சந்தோஷப்பட்டாராம். இரண்டாம் நாளிலிருந்து, காலைத் தட்டாதே, தட்டாதே என்று ஒரே பாட்டு. மத்தியான வகுப்பில் முதுகை வளைக்கச் சொன்னால் வளையாது. நேர் முதுகுக்காக மாஸ்டரிடம் ஸ்கேலால் எத்தனை தட்டு வாங்கியிருக்கிறாள்! ஆக, காலையில் கால் தப்பு, மத்தியானம் முதுகு தப்பு. களரி ஆசான் மட்டும் எதுவும் சொல்லவில்லையாம். அவர் பொதுவாகவே எதுவும் சொல்வதில்லையாம்.

இந்த இரண்டு முறைகளும் அமெரிக்காவில் பள்ளியாகக் காலூன்றியது ஒரே வருஷத்தில். 1934 ஜனவரியில் நியூயார்க்கில் ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே திறந்தது. லிங்கன் கெர்ஸ்டைன் என்ற பணக்கார வீட்டு இளைஞர், ரஷ்யாவில் பயின்ற ஜார்ஜ் பாலன்சைனைக் கூட்டி வந்து தொடங்கியது. குழு வேண்டும் என்று அழைத்தவரிடம், முதலில் ஒரு பள்ளி வேண்டும் என்று பாலன்சைன் சொன்னதாகச் சொல்வார்கள். அதே 1934 கோடையில் வெர்மான்ட் மாநிலத்து பென்னிங்டன் கல்லூரியில் மார்த்தா ஹில் ஒரு நடனப் பள்ளி தொடங்கினார். கோடை விடுமுறையில் சில வாரங்கள் மட்டும் நடக்கிற பள்ளி. கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்லஸ் வைட்மன், ஹான்யா ஹோல்ம் நால்வரும் அங்கே பாடம் எடுத்தார்கள். வந்து படித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிகளின் உடற்பயிற்சி ஆசிரியைகள். அவர்கள் திரும்பிப் போய் ஊர் ஊராக விதைத்ததுதான் அமெரிக்கக் கல்லூரிகளில் நவீன நடனம். பாலேக்காரர்கள் சின்னக் குழந்தைகளைப் பிடித்தார்கள், நவீனக்காரர்கள் கல்லூரிப் பெண்களைப் பிடித்தார்கள். ஆரம்பத்திலேயே சந்தை பிரிந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று. கெர்ஸ்டைன் 1936இல் பாலே கேரவன் என்ற சிறு குழுவைத் தொடங்கினார். அதன் முதல் நிகழ்ச்சி எங்கே நடந்தது தெரியுமா? பென்னிங்டனில். நவீன நடனத்தின் கோட்டைக்குள் போய் பாலே அரங்கேறியிருக்கிறது. கிரஹாமின் குழுவில் ஆடிய கன்னிங்ஹாமோ பாலே கற்றுக்கொள்ளப் போனது கெர்ஸ்டைனின் பள்ளிக்கு. பின்னால் 1947இல் கெர்ஸ்டைனின் பாலே சொசைட்டி என்ற சங்கத்துக்காகவே ஒரு பாலேவும் அமைத்துக் கொடுத்தார். 1959இல் கிரஹாமும் பாலன்சைனும் இசையமைப்பாளர் வெபர்னின் இசைக்கு ஆளுக்குப் பாதியாக ஒரே நிகழ்ச்சியை அமைத்தார்கள். கிரஹாமின் பாதியில் பாலேக்காரி ஒருவர் ஆடினார். பாலன்சைனின் பாதியில் கிரஹாமின் குழுவைச் சேர்ந்த பால் டெய்லர் தனியாக ஆடினார். 1975இல் பாலே நட்சத்திரங்களான நூரியெவும் மார்கோ ஃபோன்டெயினும் கிரஹாமின் மேடையில் ஏறினார்கள். ஆடுகிறவர்கள் வேலியைத் தாண்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஒரு உடம்புக்கு இன்னொரு உடம்பு செய்கிற காரியத்தைப் பார்த்தால் கை கால் பரபரக்கும், அவ்வளவுதான்.

சண்டை வேறு இடத்தில் நடந்தது. ஜூலியார்ட் கதையைப் படித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

நியூயார்க்கில் இருக்கிற ஜூலியார்ட் அடிப்படையில் இசைப் பள்ளி. 1951இல் அதன் தலைவராக இருந்த வில்லியம் ஷூமன் அங்கே நடனப் பிரிவு தொடங்கி, மார்த்தா ஹில்லை இயக்குநராக வைத்தார். ஷூமன் இசையமைப்பாளர். கிரஹாமின் நடனத்துக்கும் இசையமைத்திருக்கிறார், ஆன்டனி டியூடரின் பாலேவுக்கும் இசையமைத்திருக்கிறார். பக்கவாத்தியக்காரன் புத்தி என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பக்கமும் வாசித்தவனுக்கு இரண்டும் ஒரு கூரையின் கீழ் இருக்கலாமே என்று தோன்றாமல் இருக்காது. ஹில்லும் அப்படியே செய்தார். பாலேவுக்கு டியூடர், மார்கரெட் க்ராஸ்க்; நவீனத்துக்கு கிரஹாம், லிமோன், ஹம்ஃப்ரி; நடன அமைப்புக்கு லூயி ஹோர்ஸ்ட். மாணவர்கள் இரண்டும் கற்றாக வேண்டும். இன்றைக்கு என் மகள் படிக்கிற அந்தக் காலை பாலே, மத்தியானம் நவீனம் என்ற டைம்டேபிளின் பாட்டி அந்தப் பிரிவுதான். பால் டெய்லர் அங்கே படித்தவர். ஜெர்மனியிலிருந்து உதவித்தொகையில் வந்து படித்துப் போனவர், பின்னால் பெரிய நடன அமைப்பாளரான பீனா பவுஷ்.

பிறகு லிங்கன் சென்டர் வந்தது. மன்ஹாட்டனின் மேற்குப் பக்கம் பல தெருக்களை இடித்து, ஆபரா, சிம்பனி, நாடகம், நடனம் எல்லாவற்றுக்கும் ஒரே வளாகம். 1964இல் திறந்த ஸ்டேட் தியேட்டர் பாலன்சைன் குழுவின் வீடாகிவிட்டது. நவீன நடனத்துக்கும் அங்கே ஒரு இடம் கிடைக்கும் என்று நம்பி, லிமோன் தலைமையில் அமெரிக்கன் டான்ஸ் தியேட்டர் என்று ஒன்றை ஆரம்பித்து அந்த மேடையிலேயே இரண்டு முறை நிகழ்ச்சி நடத்திப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை.

ஜூலியார்டும் அந்த வளாகத்துக்குக் குடிபெயர்வதாக ஏற்பாடு. புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடனத்துக்கென்று பெரிய பெரிய ஸ்டுடியோக்கள். உயரமான கூரை, துள்ளி விழுந்தால் தாங்கிக் கொடுக்கிற மரத்தரை. ஹில்லின் பிரிவை மனதில் வைத்துத் திட்டமிட்டவை. ஆனால் கட்டடம் எழும்பி முடிவதற்குள் காற்று மாறிவிட்டது. ஷூமன் 1962இலேயே ஜூலியார்டை விட்டுப் போயாயிற்று. புது நிர்வாகத்துக்கு நடனப் பிரிவின் மேல் அவ்வளவு பிடிப்பு இல்லை. பிரிவையே மூடிவிடுவார்கள் என்ற நிலைமைகூட வந்தது. எதிர்ப்பக்கம் கெர்ஸ்டைன், ஃபோர்டு பணம் கையில், ஸ்டேட் தியேட்டர் கையில், பள்ளிக்கு இடம் மட்டும் பாக்கி. 1969இல் கட்டடம் திறந்தபோது மூன்றாம் மாடி ஸ்டுடியோக்களில் பெரும்பகுதியில் வாடகைக்குக் குடியேறியது ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே. ஹில்லின் மாணவர்களுக்கு மிஞ்சியது ஒன்றிரண்டு அறைகள். ஒரே லிஃப்டில் ஏறி, ஒரே வராண்டாவில் நடந்து, ஒரு கூட்டம் பெரிய அறைக்குள்ளும் இன்னொரு கூட்டம் சின்ன அறைக்குள்ளும் போயிருக்கும். பாலே பள்ளி தனக்கென்று வேறு கட்டடம் பார்த்துக்கொண்டு போனது 1990களின் தொடக்கத்தில். அதற்குள் ஹில் ஓய்வு பெற்றுவிட்டார். 1985 வரை அந்தப் பிரிவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு இருந்தவர் அவர்.

எந்தக் கலை உயர்ந்தது, எது உடம்புக்கு உகந்தது, எது அமெரிக்காவுக்கு உரியது என்று இரண்டு தரப்பும் முப்பது வருஷம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் விஷயம் சதுர அடிக்கு வந்து நின்றது. அதிலும் பார்த்தால், தரையை இழந்தது நவீன நடனம் மட்டும் கற்பித்த பள்ளி அல்ல, இரண்டையும் கற்பித்த பள்ளி. சுத்தமான பாலேவுக்குக் காசு கொடுக்க ஆள் இருந்தது. இரண்டும் கலந்த இடத்துக்கு யார் போய் என்ன சொல்லிக் காசு கேட்பது? நன்கொடை கொடுக்கிறவருக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். அதில் இரண்டு பெயர் எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது.

எங்கள் ஊரிலும் சண்டை மாடியில்தான். பெயர் சொல்லாமல் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பந்தி, மேலே கூடம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மேல்கூடத்தை வகுப்புக்கு வாடகைக்கு விடுவார்கள். பழைய கட்டடமாக இருந்தபோது அங்கே சிவப்பு ஆக்சைடு தரை. ஆட ஆட மெருகேறி, காலுக்கு வழுவழு என்று, ஆனால் வழுக்காமல் இருக்கும். தட்டினால் நல்ல கெட்டியான சத்தம் வரும். புதுப்பித்தபோது கமிட்டிக்காரர்கள் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இப்போது நாட்டடவில் குதிகால் இறங்கினால் சளக் என்று ஒரு சத்தம், எனக்கே முழங்காலில் சுரீர் என்கிறது. மாஸ்டரின் பெண்கள் சிலர் குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். டீச்சரின் பெண்களுக்கு வேறு தொந்தரவு. மெதுவாக இழுத்து வைக்கிற கால் வழுக்குகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். தரையைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து புகார் சொல்லியிருந்தால் ஒரு ரப்பர் விரிப்பாவது வந்திருக்கும். ஆனால் அவர்கள் புகாரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை யாருக்கு என்பதைப் பற்றித்தான்.

ஞாயிறு காலைக்கு அவ்வளவு மவுசு ஏன் என்றால், கலோத்சவம். கேரளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது கஷ்டம். 1957இல் தொடங்கிய பள்ளிக் கலைவிழா இன்று ஒரு தேர்தல் மாதிரி நடக்கிறது. பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாக ஏற வேண்டும். 117.5 பவன் தங்கக் கோப்பை. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் திருச்சூர் 1008 புள்ளி, எங்கள் பாலக்காடு 1007. ஒரு புள்ளி! டீக்கடையில் கிரிக்கெட் தோற்ற மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பரதம், மோகினியாட்டம், குச்சிப்புடி, நாடோடி நிருத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஏ கிரேடு. கிரேடுக்குப் பின்னால் கிரேஸ் மார்க். கிடைக்காதவர்கள் அப்பீல் போவார்கள். கோர்ட் வரை போய் உத்தரவு வாங்கி வந்து மேடை ஏறிய பிள்ளைகளும் உண்டு. உடை, நகை, மேக்கப், பாட்டு டிராக் என்று ஒரு ஐட்டத்துக்கு ஆகிற செலவைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். அந்த டிராக்கில் ஒரு பங்கு எனக்கும் வருகிறது, அதனால் ரொம்பக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை.

ஒரே பெண் பரதத்துக்கும் மோகினியாட்டத்துக்கும் பெயர் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு ஐட்டம், இரண்டு ஏ கிரேடு என்று பெற்றோர் கணக்குப் போடுவார்கள். மாஸ்டர், "அங்க போனா கால் கெட்டுப் போயிரும்" என்பார். டீச்சர், "அவிட போயால் இடுப்பு உறச்சு போகும்" என்பார், அங்கே போனால் இடுப்பு இறுகிவிடும் என்று. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை கொஞ்சம் உண்டு என்பது என் அபிப்பிராயம். பத்து வயசுப் பிள்ளையின் உடம்புக்கு ஒரு வாத்தியார் போதும். ஒரு வழியில் நன்றாக ஊறிய பிறகு இன்னொன்றுக்குப் போனால், எதை விட்டுவிட்டு வருகிறோம் என்றாவது அதற்குத் தெரியும். கலாமண்டலத்துக் கதகளிப் பையன்கள் மழைக்காலத்தில் விடியுமுன் எழுந்து, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தரையில் கிடப்பார்கள். ஆசான் மேலே கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு காலால் உழிந்து, இடுப்பையும் தொடையையும் வெளிப்பக்கமாக விரித்துவிடுவார். அப்படி வருஷக்கணக்கில் செய்துதான் பாதத்தின் ஓரத்தில் நிற்கிற அந்த நிலை வருகிறது. பாலேக்காரர்களும் எட்டு வயசில் ஆரம்பிப்பது இடுப்பைத் திருப்பத்தான். இதை வாரத்துக்கு இரண்டு பள்ளி என்று பிரித்துக் கற்க முடியாது. இந்த மட்டும் இரண்டு குருமாருக்கும் நான் கட்சி.

ஆனால் உடம்பைப் பற்றிய அந்தக் கவலை, மாணவி கட்டணம் கட்டுகிற வரைக்கும்தான் நிற்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். மாஸ்டரிடமிருந்து ஒரு பெண் டீச்சரிடம் போனால் கால் கெட்டுவிடும்; டீச்சரிடமிருந்து ஒரு பெண் மாஸ்டரிடம் வந்தால், "நல்ல அபிநயம் பாருங்கண்ணா, அங்க பழகுனது" என்பார். டீச்சர் மட்டும் லேசுப்பட்டவரா? பரதம் கற்று வந்த பெண்ணுக்குத் தாளம் சுத்தம் என்று என்னிடமே மெச்சியிருக்கிறார்.

சம்பிரதாயம், சுத்தம் என்று பேசும்போது இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். ருக்மிணி தேவி பரதத்துக்கு வந்ததே பாலே வழியாக. ரஷ்ய பாலேக்காரி அன்னா பாவ்லோவாவைப் பார்த்து மயங்கி, அவர் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவாதான் திருப்பிவிட்டார் என்பார்கள். 1936இல் கலாக்ஷேத்திரம் உருவானபின், அங்கே நாட்டிய நாடகங்களுக்கு உடம்பு கொடுத்தவர்கள் யார்? அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் போன்ற கதகளி ஆசான்கள். சந்து பணிக்கர் மலபாரிலிருந்து கூட்டிப் போன பையன்களில் ஒருவர்தான் பின்னால் பெரிய பரதக் கலைஞரான தனஞ்செயன். அந்தப் பக்கம் பார்த்தால், கலாமண்டலத்திலேயே மோகினியாட்ட மாணவிகள் பரதமும் கற்ற காலம் உண்டு. சொல்கட்டு, ஜதிஸ்வரம், வர்ணம், பதம், தில்லானா என்ற மோகினியாட்ட வரிசையைப் பார்த்தாலே யார் வீட்டு வாசம் என்று தெரியும். மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். டீச்சருக்கும் தெரியும். போஸ்டரில் போடுவதற்குத்தான் உதவாது.

மகளிடம் ஜூலியார்ட் கதையைச் சொன்னேன். அவள் ஏற்கனவே வகுப்பில் கேட்டிருக்கிறாள். "எங்க பள்ளிக்கூடத்துலயும் நல்ல தரை ஒரே ஒரு ரூம்லதானுங்கப்பா" என்றாள். அந்த அறை யாருக்கு என்று கேட்டேன். காலையில் பாலே, மத்தியானம் அதே அறை கன்டெம்ப்ரரிக்கு என்றுதான் டைம்டேபிளில் இருக்கிறதாம். ஆனால் பாலேக்காரர்கள் நகர்த்துகிற கட்டைகளை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டு எடுத்து வைக்காமலே போய்விடுவார்களாம். அதைத் தூக்கி ஓரம் கட்டுவதிலேயே மத்தியான வகுப்பில் கொஞ்ச நேரம் போய்விடுகிறது. அதைத் தூக்குவது காலையில் அதே கட்டையைப் பிடித்து நின்ற அதே பிள்ளைகள்.

எங்கள் மண்டபத்தில் கதை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஞாயிறு காலைக்காக இரண்டு பேரும் மாறி மாறிக் கமிட்டியிடம் போய்ப் புகார் கொடுக்க, கமிட்டிக்காரர்கள் அலுத்துப்போய் அந்த நேரத்தைக் கராத்தே வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். கராத்தேக்காரர் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டார். வந்த முதல் வாரமே சொந்தச் செலவில் நீல நிற ரப்பர் விரிப்பும் வாங்கிப் போட்டார், வகுப்பு முடிந்ததும் சுருட்டிப் பூட்டி வைத்துவிடுகிறார்.

உபஜில்லா நெருங்குகிறது. இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக வந்தார்கள். கமிட்டிச் செயலாளரிடம் நான் போய்ப் பேசினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் கராத்தேயைச் சாயங்காலத்துக்கு மாற்றிப் பார்க்கலாம், விரிப்புக்கும் பாதிச் செலவு மண்டபம் ஏற்கும் என்றார். கடிதத்தை நானே எழுதினேன். மலையாளத்திலா தமிழிலா என்ற தகராறு சீக்கிரம் தீர்ந்துவிட்டது, இரண்டிலும் எழுதியாயிற்று. கடிதம் இப்போது என் மிருதங்கப் பைக்குள் இருக்கிறது. மேலே யார் கையெழுத்து, கீழே யார் கையெழுத்து என்பது மட்டும் பாக்கி.